வேலி வரைக்கும் ஒரு பாதை

எனிட்: இன்னும் இடது பக்கம் இழுங்க.

லயனல்: இதுக்கு மேல இழுத்தா பாதைக்குக் கோடு காட்ட இந்த ரப்பர் குழாய் பத்தாது, எனிட்.

எனிட்: கீழ இருக்கற வளைவைச் சின்னதாக்குங்க, பத்தும். பாதை மேல வேலியோரத்துல இருக்கற அந்த ஹாலி மரத்துகிட்ட போய் முடியணும்.

லயனல்: அங்க ஒரே நிழலு. என்ன முளைக்கும்?

எனிட்: பெரணி வரும். ப்ரிம்ரோஸ் பூ வரும்.

லயனல்: வேலிக்கு நட்டநடுவுல முடிஞ்சாத்தான் லட்சணமா இருக்கும்.

எனிட்: லட்சணத்தைப் பத்தி நீங்க பேசறீங்களா! தரையில குழாயைப் போட்டு மூணு வளைவு. இந்தச் சரிவுக்கு நேரா பன்னெண்டு படி வெட்டினா முடிஞ்சுது.

லயனல்: படி வேணாம்.

எனிட்: ஏனாம்?

லயனல்: தள்ளுவண்டி ஏறாது.

எனிட்: மேல எதைத் தள்ளிட்டுப் போகப் போறீங்க?

லயனல்: இலை, தழை...

எனிட்: உங்க உரக்குழி கீழல்ல இருக்கு?

லயனல்: டீ குடிக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?

எனிட்: ரெண்டுக்கும்தான். சரி, ஓரத்துல என்ன நடறீங்க?

லயனல்: மண்ணு சரியாம இருக்க முதல்ல தைம் செடி. வேர் நல்லாப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல லாவெண்டர், லட்லோ சந்தையில சொல்லி வச்சிருக்கேன். அப்புறம்... ஒரு கைப்பிடி. ஓக் கட்டையில.

எனிட்: கைப்பிடியா? போன வாரம் கூரை மேல ஏறி ஓடு மாத்தின மனுஷனுக்கா?

லயனல்: வயசாகுதுல்ல.

எனிட்: உங்களுக்கு அறுபத்தெட்டு. எனக்கு எழுபத்தொண்ணு. நானே கேக்கல.

லயனல்: நீங்க எங்க கேக்கப் போறீங்க! வீங்கின முட்டியோட ரோட்டைச் சுத்தி அரை மைல் நடந்து வந்து, வாசல்ல நின்னு 'சும்மா இந்தப் பக்கமா வந்தேன்'னு சொல்ற ஆளு.

எனிட்: சும்மாதான் வந்தேன்.

லயனல்: கேக்கோட... வாரத்துக்கு மூணு தடவை.

எனிட்: இந்த வேலி மட்டும் இல்லன்னா நம்ம ரெண்டு வீட்டுக்கும் முப்பது தப்படிதான்.

லயனல்: வேலிப் பேச்சு வேணாமே.

எனிட்: என் வீட்டுக்காரர் ரெக் போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு. இப்பவும் பேசலன்னா எப்பப் பேசறது? ஒரு அடி மண்ணுக்காக அவர் நட்ட முள்ளுச்செடி வேலி.

லயனல்: அரை அடி. தப்பா அளந்தது நான்தான்... அது அப்புறம் தெரிஞ்சுது. போய்ச் சொல்ல வாய் வரல. பத்தொன்பது வருஷம் அவரோட பேசாமலே இருந்துட்டேன்.

எனிட்: யாரு சொன்னா? தினம் காலையில பேசினீங்களே. 'இன்னைக்கு மழை வரும்போல'ன்னு நீங்க வேலிகிட்ட சொல்வீங்க. 'மத்தியானம் வெளுத்துரும்'னு அவர் வேலிகிட்ட பதில் சொல்வார். உள்ள நின்னு நான் சிரிப்பேன்.

லயனல்: நல்ல மனுஷன்.

எனிட்: ரெண்டு பேருமே முட்டாளுங்க. அந்தக் குழாயை இடது பக்கம் இழுங்க.

லயனல்: ம்ம்... உங்க பையன் மார்ட்டின் போன் பண்ணானா?

எனிட்: பண்ணான். பிரிஸ்டல்ல அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே எனக்கு ஒரு ஃப்ளாட் பாத்திருக்கான். லிஃப்ட் இருக்காம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

லயனல்: லிஃப்ட்... நல்லதுதான்.

எனிட்: உங்களுக்கு அதான் தோணுதா?

லயனல்: முட்டிக்கு நல்லதுன்னு சொன்னேன்.

எனிட்: தோட்டம் கிடையாது. ஜன்னலோரம் மூணு தொட்டி வச்சுக்கலாம்.

லயனல்: இன்னொரு கப் ஊத்தட்டுமா?

எனிட்: டீ ஆறிப்போச்சு. நான் கெளம்பறேன்.

லயனல்: இருங்க. இந்தப் பாதை தள்ளுவண்டிக்கு இல்ல.

எனிட்: அது எனக்குத் தெரியாதாக்கும்.

லயனல்: பாதைக்கு நாலடி அகலம் விட்டது எதுக்குன்னா, ரெண்டு பேர் சேந்து நடக்கறதுக்கு. கைப்பிடி உங்களுக்கு. மேல வேலியை வெட்டி ஒரு சின்ன கேட் வச்சா, நேரா உங்க சமையக்கட்டுக் கதவு... அதான் நட்டநடுவுல முடியணும்னேன். உங்களைக் கேக்காமலே திட்டம் போட்டுட்டேன். போகாதீங்க, எனிட். நீங்க வராத நாள்ல எனக்கு இந்த வீட்டுல இருக்கவே பிடிக்கல.

எனிட்: கேட் வைக்கறது எப்பவாம்?

லயனல்: அதுல ஒரு சிக்கல். வேலிக்குள்ள குருவிங்க கூடு கட்டிருச்சு. செப்டம்பர் வரைக்கும் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது. குளிர் காலத்துலயே உங்ககிட்ட கேட்டிருக்கணும், பயந்துட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு. காட்டறதுக்கு என்கிட்ட ஒரு ரப்பர் குழாய்தான் இருக்கு.

எனிட்: அதையும் தப்பான இடத்துல போட்டு வச்சிருக்கீங்க. அந்த ஹாலி மரத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. வேலியில நாலடிக்கு வழி இருக்கு. பிப்ரவரியில, குருவிங்க வர்றதுக்கு முன்னாடியே, முக்காலி போட்டு உக்காந்து நாலு நாள் கிளைகளை அறுத்தேன். மார்ட்டின்கிட்ட வரலன்னு அவன் கேட்டப்பவே சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமைங்கறது உங்களுக்கு நான் வச்ச கெடு.