கல்வெட்டுக்குப் பதினாறு பக்கம்

— முதல்லை அந்தக் கத்தியைக் கீழை வை, கஜந்தினி.

— நான் இன்னும் கத்தி எடுக்கவேயில்லை அண்ணை. எடுக்கப்போறன் எண்டுதான் சொன்னனான்.

— எடுக்காதை. பெட்டி இப்ப எங்கை?

— மேசையிலை. எனக்கு முன்னாலை.

— தூக்கி அலுமாரிக்குள்ளை வை. வெயில் படக்கூடாது உதிலை.

— இஞ்சை பின்னேரம் ஆறரை மணி. உரும்பிராயிலை ஆறரைக்கு எங்காலை வெயில்?

— லைற் வெளிச்சமும் கூடாது. நிறம் மங்கிப்போம்.

— அப்ப இருட்டுக்குள்ளை வைச்சுத் தடவிப் பாக்கிறதே?

— பகிடி விடாதை, கஜி. நான் வேலையிலை நிக்கிறன். பத்து நிமிசம்தான் பிறேக்... சொல்லுறதைக் கேள்.

— நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாலு நாள் போட்டுது. வாற வியாழன் தம்பி நிருஷன்ரை அந்தியேட்டி. அவன் போய் முப்பத்தோராம் நாள். வாற சனத்துக்குக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அடிச்சு, மடிச்சு, கம்பி குத்தி எடுக்க மூண்டு நாள் வேணுமாம். சிமியோன் மாஸ்ரர் பிரஸ்ஸைப் பூட்டாமல் எனக்காக இருக்கிறார்.

— கல்வெட்டுக்குத் தேவாரம் போடுங்கோவன். எல்லாரும் அந்தியேட்டிக்கு அதைத்தானே அடிச்சுக் குடுக்கிறவை?

— தேவாரம் எல்லா வீட்டிலையும் இருக்கு. தம்பி வரைஞ்ச கொமிக்ஸ் எங்கை இருக்கு? இந்தப் பெட்டிக்குள்ளை மட்டும். முன்னுக்கு அவன்ரை படத்தைப் போட்டு, பிறந்தது, மறைஞ்சது போட்டு, பின்னாலை அந்தப் பதினாறு பக்கத்தையும் அப்பிடியே அடிப்பம். அம்மாவின்ரை விருப்பம் அது.

— அம்மாவுக்குக் கொமிக்ஸ் எண்டால் என்னெண்டு தெரியுமோ?

— தெரியாது. தன்ரை பிள்ளை ஒன்பது மாசம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்து என்னத்தை வரைஞ்சவன் எண்டு தெரியோணுமாம் மனுசிக்கு.

— உனக்கு விளங்குதில்லை. உது சீல் பண்ணின கண்ணாடிப் பிளாஸ்ரிக் பெட்டி. கொம்பனிக்காரர் புத்தகத்தை மூலை மூலையாய்ப் பாத்து, மடிப்பு, கீறல், கறை எல்லாம் பாத்து, மார்க் போட்டு ஒட்டுறது. உடைச்சால் அந்த மார்க் செல்லாது. முடிஞ்சுது.

— செல்லாட்டிப் போகட்டும். ஆர் விக்கப்போகினம்?

— விக்கிறது பிரச்சினை இல்லை. பத்துக்கு ஒன்பது தசம் எட்டு, கஜி! லேசிலை குடுக்கமாட்டினம்.

— ஓம் ஓம். ஓ லெவலிலை உங்களுக்கு ஒரு பாடத்துக்கும் வராத மார்க்.

— இப்ப உது தேவையோ?

— சும்மா சொன்னனான்... ஆரும் சிரிச்சுக் கனநாள் அண்ணை இந்த வீட்டிலை.

— அம்மா சாப்பிட்டவவோ?

— கஞ்சி குடிச்சவ. 'செந்தூரன் சாப்பிட்டவனோ கேள்' எண்டு உள்ளுக்கை இருந்து சத்தம் போடுறா. கதையை மாத்தாதையுங்கோ.

— மாத்தேல்லை. நான் ரொறன்ரோவுக்கு வந்த நாளிலை இருந்து சேர்க்கிறன். நாப்பத்திரண்டு புத்தகம். எல்லாம் வரைஞ்ச ஆக்களின்ரை கையெழுத்தோடை, எல்லாம் பெட்டிக்குள்ளை. ஒண்டையும் உடைச்சதில்லை.

— வாசிச்சதும் இல்லை.

— வாசிக்க வேறை கொப்பி வேண்டுவன்.

— ஒரே புத்தகத்தை ரெண்டு வேண்டுற விசர். அந்த விசரைத் தம்பிக்கும் பழக்கினது நீங்கள்தானே. வீடியோவிலை ஒவ்வொரு பெட்டியாய்ப் பிடிச்சு, நம்பரைப் பெருவிரலாலை மறைச்சுக்கொண்டு, 'எத்தினையடா, சொல்லு' எண்டு...

— சரியாச் சொல்லுவான்! முதுகுப் பக்கத்திலை ஒரு மயிரளவு கீறல் இருந்தாலும் பிடிச்சிடுவான். போன் கமராவிலை! நான் ஏமாந்து வேண்டின ரெண்டைக் கண்டுபிடிச்சதே அவன்தான்.

— மருந்து ஏத்தி முடிச்சுக் கண் திறந்தால் முதல் கேள்வி, 'அக்கா, அண்ணை போன் எடுத்தவரோ?' தன்ரை புத்தகத்தை உங்களுக்கு அனுப்பமுதல் அதிலை கையெழுத்து வைச்ச நாள் ஞாபகம் இருக்கோ? கையெழுத்து வைக்கேக்கை ஒரு சாட்சி பாத்துக்கொண்டு நிக்கோணும், இல்லாட்டி அது வெறும் கிறுக்கல் எண்டு கொம்பனி மார்க்கைக் குறைக்கும் எண்டியள். பிறகு நீங்களே சாட்சியாய் வீடியோவிலை ரை கட்டிக்கொண்டு வந்து இருந்தியள்.

— மேலுக்குத்தான் ரை. கீழை சாரம்.

— தெரியும். எழும்பேக்கை கண்டனாங்கள். அண்டைக்கு முழுக்க அவனுக்குச் சிரிப்பு.

— பெட்டி வந்து சேர்ந்தண்டைக்கு எப்பிடி இருந்தவன்? திருப்பி ஒருக்காச் சொல்லு.

— எத்தினை தரம் அண்ணை? யாகப்பு அண்ணை அங்கையிருந்து லீவிலை வரேக்கை கொண்டந்து தந்தவர். தம்பி மடியிலை வைச்சுப் பாத்தான். சிரிச்சான்.

— வடிவாச் சிரிச்சவனோ?

— ஓம். வடிவாச் சிரிச்சவன்.

— நம்பரைப் பாத்துத்தானே?

— ...நேரம் போகுது. நான் கத்தியை எடுக்கிறன். கரையாலை நெம்பினால் கழரும் போலை கிடக்கு...

— கஜி! கையை எடு! கையை எடு எண்டுறன்!

— ஐயோ என்ரை காது! ஏன் இப்பிடிக் கத்துறியள்? அப்ப எனக்கு ஒரு வழி சொல்லுங்கோ. பெட்டிக்குள்ளை போடமுதல் எல்லாப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணி அனுப்புவன் எண்டு சொன்னனீங்கள்தானே? அதை அனுப்புங்கோ. நான் கத்தியைத் தொடமாட்டன்.

— அது... மறந்துபோனன்.

— மறந்துபோனியள்.

— ரெண்டு வேலை செய்த நேரம் அது... மறந்துபோனன்.

— தசம் ஒண்டு குறைஞ்சால் நித்திரை கொள்ளாத ஆள், ஸ்கான் பண்ண மறந்துபோனார். சரி. இஞ்சையும் ஒரு படம் இல்லை. போனிலை எடுக்க அவன் விடேல்லை. எனக்குக்கூடக் காட்டேல்லை. 'அண்ணை அனுப்புவார், முழுசாய்ப் பார் அக்கா' எண்டான். அப்ப அதை வாசிச்ச ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்.

— ஓம். நான் ஒராள்தான்.

— அதுதான் சொல்லுறன், உடைப்பம்.

— நில்லு... நான் கதையைச் சொல்லுறன். பக்கம் பக்கமாய். போனுக்கு வாயாலை சொன்னால் அது ரைப் பண்ணுது. நேற்று பஸ்ஸிலை வரேக்கை ஒன்பது பக்கம் சொல்லிப்போட்டன். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி பயந்து எழும்பிப் போட்டாள். நீ அதைத் திருத்தி மாஸ்ரரிட்டைக் குடு. எழுத்தாய் அடிக்கட்டும்.

— புத்தகம் என்ரை மேசையிலை கிடக்க, நீங்கள் அங்கை நிண்டு வாயாலை சொல்லுறியள்?

— கேளன்! முதல் பக்கம், பருத்தித்துறை மினிபஸ். கொண்டக்டர் குகன் மிதிபலகையிலை தொங்கிக்கொண்டு வாறான். அவனுக்கு ஒரு சக்தி. மூச்சைப் பிடிச்சானெண்டால் உலகம் அப்பிடியே நிக்கும். விட்டானெண்டால் ஓடும்.

— ம்.

— ரெண்டாம் பக்கம், ஒரு நாய் குறுக்கை பாயுது. மூச்சைப் பிடிக்கிறான். ஆறுதலா இறங்கிப்போய் நாயைத் தூக்கிக் கரையிலை விட்டிட்டு, வந்து ஏறி, விடுறான். பிறகு வேலைக்குப் பிந்தி ஓடிவாற ஒரு பெட்டைக்காக நிப்பாட்டுறான். நல்லா வரைஞ்சிருந்தான் கஜி, அந்த நிக்கிற உலகத்தை... மழைத்துளி எல்லாம் அந்தரத்திலை. சனத்தின்ரை வாய் பாதி திறந்தபடி.

— பிறகு?

— ஏழாம் பக்கம், ஆஸ்பத்திரி வாசல். பஸ்ஸுக்குள்ளை ஒரு பெடியன், தலைமயிர் இல்லை. அவன் அதிலை இறங்கோணும். இறங்காமல் இருக்கட்டும் எண்டு குகன் மூச்சைப் பிடிக்கிறான். எட்டு, ஒன்பது... பிடிச்சுக்கொண்டே நிக்கிறான். முகம் வீங்குது. பத்திலை...

— பத்திலை?

— எல்லாரும் அசையாமல் நிக்க அந்தப் பெடியன் மட்டும் எழும்பி வாறான். குகன்ரை காதுக்குள்ளை ஏதோ சொல்லுறான். சின்ன எழுத்திலை இருந்தது... என்ன சொன்னவன்... கஜி, எனக்கு ஞாபகம் வருகுதில்லை. நேற்றையிலை இருந்து யோசிக்கிறன். ஒருக்காத்தான் வாசிச்சனான். ஒரேயொருக்கா.

— பெட்டியைத் திறந்து பத்தாம் பக்கத்தைப் பாத்தாச் சரி.

— திறந்தாலும் இராது.

— என்ன இராது?

— பத்தாம் பக்கம் இல்லை, கஜி. ஒரு பக்கமும் இல்லை. நான்... நான் அதை அயன் பண்ணிப்போட்டன்.

— என்னத்தை?

— புத்தகத்தை. இஞ்சை சேர்க்கிற ஆக்கள் செய்யிறவை. கொஞ்சம் ஈரம் குடுத்து, சூடு குடுத்து அமத்தினால் மடிப்பு போம். மார்க் கூடும். அவன் புத்தகத்தை மடிச்சுத் தலாணிக்குக் கீழை வைச்சு வரைஞ்சவன். நடுவாலை ஒரு மடிப்பு, அட்டையிலை இருந்து கடைசித் தாள் வரைக்கும். அப்பிடியே அனுப்பினால் ஆறு தருவாங்கள். என்ரை தம்பிக்கு ஆறோ? என்ரை புத்தகங்கள் அச்சிலை வந்தது. நாலைஞ்சு தரம் செய்திருக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை. இது பேனையாலை வரைஞ்சது எண்டு... அந்த ஒரு நிமிசம் மறந்துபோனன். ஈரம் பட்ட உடனை மை ஓடத் தொடங்கிட்டுது. பதினாறு பக்கமும். நான் துணியாலை ஒத்த ஒத்த இன்னும்... குகன்ரை முகம் என்ரை கண்ணுக்கு முன்னாலை கரைஞ்சுது, கஜி.

— அட்டை?

— அட்டை மார்க்கராலை வரைஞ்சது. அது தப்பிட்டுது. கையெழுத்தும் தப்பிட்டுது. வெறுந்தாள் பதினாறு வெட்டி அட்டைக்குள்ளை வைச்சன். வெறும் பெட்டி ஒண்டு வேண்டினன். நம்பரை நான்தான் அடிச்சு ஒட்டினனான்.

— அப்ப கொம்பனிக்கு அனுப்பேல்லை.

— எதை அனுப்புறது? அவனுக்கு நாள் இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் எண்டு நீ அழுறாய். அங்கை வந்து போக எனக்கு விசாப் பேப்பர் இல்லை. ஒரு நம்பரையாவது அவன் பாத்திட்டுப் போகட்டும் எண்டு... கஜி, ஒண்டே ஒண்டு சொல்லு. ஒன்பது தசம் எட்டு எண்டு நம்பிக்கொண்டுதானே போனவன்?

— அண்ணை, பக்கத்திலை இருக்க இடம் இருக்கோ?

— ஏன்?

— இருந்துகொண்டு கேளுங்கோ. இந்தப் பெட்டி ஏழு கிழமையாய்த் திறந்துதான் கிடக்கு.

— என்ன?

— யாகப்பு அண்ணை தந்திட்டுப் படலையைத் தாண்டேல்லை, தம்பி கண்டுபிடிச்சிட்டான். 'அக்கா, அட்டையிலை என்ரை மடிப்பைக் காணேல்லை. அண்ணை அயன் பண்ணிப்போட்டார்' எண்டான். கத்தி கொண்டா எண்டான். நான்தான் வெட்டினனான்.

— அப்ப வெறுந்தாளை...

— பாத்தவன். பதினாறையும் பிரட்டிப் பாத்தவன்.

— பிறகும் மூண்டு கிழமை என்னோடை கதைச்சவனே! ஒவ்வொரு நாளும்... 'என்ரை ஒண்டு உங்கடை நாப்பத்திரண்டையும் வெட்டும் அண்ணை' எண்டு பெருமை அடிச்சவனே!

— உங்களுக்காகத்தான். 'அண்ணை தானாச் சொன்னால் மட்டும் சொல்லு. அதுவரைக்கும் வாய் திறக்காதை' எண்டு கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவன். அதுதான் இண்டைக்குக் கத்தி எண்டு வெருட்டினனான். இதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு நீங்கள் அங்கை தனிய... எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை. தம்பியும் இல்லை இப்ப.

— அழாதை... அப்ப மாஸ்ரர்? கல்வெட்டு?

— மாஸ்ரர் அப்பவே பூட்டிட்டு வீட்டை போட்டார். நான் நேற்றே குடுத்திட்டன். ஒண்டரைப் பக்கம்.

— என்ன ஒண்டரைப் பக்கம்?

— உங்கடை வெறுந்தாளிலை அவன் வரைஞ்சது. கை நடுங்க நடுங்க. ஒரு தடியன் ரையும் சாரமுமாய் நிண்டு புத்தகத்தை அயன் பண்ணுறான். எழுத்தெல்லாம் ஆவியாய்க் கிளம்பி யன்னலாலை போகுது. குகனும் அதிலை தொங்கிக்கொண்டு போறான்... அரைப் பக்கத்தோடை நிண்டிட்டுது. மிச்சம் பதினாலரைப் பக்கத்தையும் வெறுமையாவே விட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறன்.

— என்னிலை கோவிக்கேல்லையோ அவன்? வெறுந்தாளைக் கண்ட உடனை... முதல் என்ன சொன்னவன்? மறைக்காமல் சொல்லு.

— நான்தான் அழுதனான். அவன் சிரிச்சவன். 'விசரி, ஏன் அழுறாய்? அண்ணை ரெண்டாம் பாகத்துக்குத் தாள் அனுப்பியிருக்கிறார். பேனையை எடு' எண்டவன்.