வெட்டாமல் விட்ட துளை

கேஸ்கட் வெட்டக் கத்தரிக்கோல் தேவையே இல்லை, ஐயா. என்ஜின் பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவே வைக்கிற அந்தத் தடித்த தாளை, என்ஜினின் இரும்புப் பாகத்தின் மேலேயே வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் போதும். இரும்பின் விளிம்பே தாளை வெட்டிக் கொடுத்துவிடும். அவசரப்பட்டால்தான் கிழியும். படகு என்ஜின்களோடு தலை நரைத்தவன் நான், அவசரப்படுகிற ஆள் இல்லை.

என் மச்சினனின் சரக்குப் படகில் இருந்தது பழைய என்ஜின். அதற்குக் கேஸ்கட் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. "மாமா, நீங்களே வீட்டுல ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்களேன்" என்றான். கேட்டது தப்பில்லை. இதே வாயால்தான் முந்தின வாரம், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், "எங்க மாமா என்ஜின் டாக்டர். அவர் கை வெச்சார்னா, அப்புறம் பாடையில எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அன்று சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் செய்தேன். பக்கத்திலேயே அவள் துணி தைத்துக்கொண்டிருந்தாள். "மெதுவாத் தட்டுங்க, டம்ளரெல்லாம் ஆடுது" என்றாள். மெதுவாகத்தான் தட்டினேன். போல்ட் துளைகள் எல்லாவற்றையும் பிசிறில்லாமல் எடுத்தேன். ஒரு துளையை மட்டும் எடுக்கவில்லை. மிளகு அளவுதான் இருக்கும். அதன் வழியாகத்தான் எண்ணெய் என்ஜினின் மேல்பக்கம் ஏறும். அது அடைபட்டால் என்ஜின் உடனே நிற்காது. நன்றாகக் கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு உள்ளே காய்ந்து, சூடேறி, இறுகிப்போகும்.

மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ள நீங்கள் தயாராக இருக்கிறீர்கள். சாவு வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், "பாவம், மனுஷன் கவனிக்கல" என்று. அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றேன். நான் மறக்கவில்லை, ஐயா.

நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். நடு ஆற்றில் படகு நிற்க வேண்டும். அவன் போனை எடுத்து, "மாமா, வந்து காப்பாத்துங்க" என்று சொல்ல வேண்டும். நான் போய்க் கயிறு கட்டி, துறையில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்க, அவனை இழுத்துவர வேண்டும். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்றுதான் இருந்தேன். அதற்காகவே நண்பனின் படகை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

கேஸ்கட்டை மாட்டிக்கொடுத்த மறுநாள் காலையில் என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் தம்பி கூடவே போயிட்டு வந்துடறேங்க. தைச்ச துணியைக் கடைல குடுக்கணும்."

போகாதே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள். உண்மை தெரிந்ததும் அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன், காது இரண்டும் சூடாகிவிட்டன. வெட்கம், ஐயா, வேறொன்றும் இல்லை. இப்போதும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிறது. "காத்து அதிகமா இருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னேன். "இன்னைக்கு என்ன, இவ்வளவு கரிசனம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் துறைக்குப் போய்க் கயிறோடு உட்கார்ந்தேன். என்ஜின் நின்ற படகைத் தண்ணீர் தடுப்பணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதும் தெரியும்.

தடுப்பணைக்குக் கீழே அக்காவையும் தம்பியையும் பிணமாக எடுத்ததை உங்கள் போலீஸ்காரர்களே பார்த்தார்கள். அதற்கு முன் நடந்தது யாருக்கும் தெரியாது. நான் எதிர்பார்த்த இடத்தில்தான் என்ஜின் சத்தம் நின்றது. உடனே போன் அடித்தது. மனைவியின் நம்பர். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அவள்தான். கேட்க வேண்டியவன் அவன், அவளுக்கு இதில் என்ன வேலை? அவன் கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று, அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருந்தேன்.