நின்ன விதம்

“ஹலோ... ஹலோ, அக்கா? எல்லாம் போச்சுக்கா! உக்காந்துட்டாரு!... யாரா? மீசைதான்! பாட்டு வாத்தியார் மீசை!... ஆமா, ஆமா, அவரேதான்... நாற்காலியைப் போடச் சொல்லி, மேடை நடுவுல ஜம்முனு உக்காந்து பாடிட்டாருக்கா!”

ஆண்டு தவறாமல் ஊர் இசை விழா நடக்கிற மண்டபத்தின் பின்பக்கம், மடக்கு நாற்காலிகளும் கால் உடைந்த மைக் கம்பங்களும் போட்டுவைத்த ஒரு பொந்து. கதவில் ‘நடுவர் அறை’ என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அதற்குள்தான் தங்கைக்காரி ஒரு கையில் ஆறிப்போன டீயும் மறு கையில் போனுமாகப் பொருமிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு பாட்டுப் போட்டிக்கு அவள்தான் நடுவர். வஞ்சம் தீர்ப்பதற்கென்றே கேட்டு வாங்கிய வேலை.

“முழுசாக் கேளுக்கா... கேளேன்! அறுபது தாண்டினவங்களுக்குன்னு இந்த வருஷம் புதுசா ஒரு பிரிவு வெச்சாங்கல்ல? அதுல மீசை பேர் குடுத்திருக்காருன்னு தெரிஞ்ச அன்னிக்கே செயலாளரைப் புடிச்சு, நடுவரா நான் வர்றேன்னு நானாத்தான் கேட்டேன்... ஆமா, ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுத்தான்... எதுக்கா? எதுக்குன்னு நீ கேக்குறியா?”

அக்காக்காரி என்ன சொன்னாளோ, தங்கையின் குரல் ஒரு கட்டை ஏறியது.

“மறந்துடணுமா? எனக்கு அப்போ பன்னெண்டு வயசுக்கா! தொண்டை கட்டற அளவுக்குப் பாடிப் பாடிப் பழகிட்டு வந்து நின்னேன். இங்க என்ன வழக்கம்? எவ்வளவு மோசமாப் பாடினாலும் நடுவர் முதல்ல ஒரு நல்லது சொல்லணும், அப்புறம்தான் குறை. பிள்ளைங்க கத்துக்கறதுக்காக நடக்கற விழா இல்லையா... ஆமா... அப்போ மீசைதானே நடுவர்? என்ன சொன்னாரு? ‘இந்தப் பொண்ணு நின்ன விதம் நல்லா இருந்தது.’ அவ்வளவுதான்! குரலைப் பத்தி ஒரு வார்த்தை? தாளத்தைப் பத்தி? ஒரு எழவும் கிடையாது. நின்ன விதமாம்! மண்டபமே சிரிச்சுது. நடுவர் பேசி முடிக்கற வரைக்கும் பாடினவங்க உக்காரக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற. எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும் நட்டு வெச்ச மாதிரி நிக்கிறேன்... நீ சிரிக்கலயா? பொய் சொல்லாத! முன் வரிசையில உக்காந்து நீயும்தான் சிரிச்ச. வீடு வந்து சேர்றதுக்குள்ள எனக்குச் ‘சிலை’ன்னு பேர் வெச்சதே நீதானே!”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சர்க்கரையும் போடவில்லை பாவிகள்.

“இப்பவும் பாரு, போனை எடுத்ததும் ‘சொல்லு சிலை’ங்கற... என் கல்யாணத்துல அத்தான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு ‘பொண்ணு நின்ன விதம்’னு ஆரம்பிச்சாரே, மறந்து போச்சா?... தமாஷா? உங்களுக்குத் தமாஷ். அன்னிக்கு மூடின வாயை நான் மேடையில திறந்ததே இல்ல. ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதோட சரி... அதனாலதான் சொல்றேன். அவர் பாடி முடிச்சதும் அதே வாக்கியத்தை, ஒரு எழுத்து மாத்தாம, அவர் மூஞ்சிக்கு நேரா திருப்பிக் குடுக்கணும்னு இருந்தேன்... முப்பது வருஷமாக்கா! பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பாத்திருக்கேன், பஸ்ஸுல சொல்லிப் பாத்திருக்கேன். கடைசியில மனுஷன் உக்காந்துட்டாரே! உக்காந்து பாடினவரைப் பாத்து ‘நின்ன விதம்’னா, என்னையில்ல பைத்தியம்பாங்க!... முட்டியாம். ஆபரேஷனாம். இந்த வருஷம்தானா அதைப் பண்ணிக்கணும்?... சிரிக்காதக்கா, வயிறு எரியுது.”

மறுமுனையில் ஒரு கேள்வி வந்தது. தங்கைக்காரி கம்பத்தில் தொங்கிய ஒயரை விரலில் சுற்றினாள்.

“பாட்டா?... பாட்டு... இருந்துது... என்ன இருந்துதுன்னா? இருந்துது... சரி, நல்லா இருந்துது, போதுமா? நல்லாப் பாடித் தொலைச்சிட்டாருக்கா! எங்கயாவது சுருதி விலகும், கப்புனு புடிச்சுக்கலாம்னு பென்சிலோட காத்துக்கிட்டிருந்தேன். மேல போகும்போது மூச்சு வாங்கிச்சு. அப்பவும் விலகலயே!... மத்தவங்களா? ஒருத்தர் பாதியில வரியை மறந்துட்டாரு. ஒரு அம்மா பேரனுக்குக் கையாட்டிக்கிட்டே பாடினாங்க. முதல் பரிசு மீசைக்குத்தான், வேற வழியே இல்ல... மார்க்கைக் குறைச்சிருக்கலாம்தான். பென்சிலை வெச்சேன், முடியலக்கா. காது ஒத்துக்க மாட்டேங்குது.”

“ஆனா குத்தாம விடுவேனா? இப்பத்தான் யோசிச்சேன். ‘ஐயா உக்காந்த விதம் நல்லா இருந்தது.’ எப்படி?... என்ன, சப்புன்னு இருக்கா?... இருக்கட்டும், அவருக்கு உறைச்சாப் போதும்... அடையாளமா? எங்க! மேடையேறும்போது ‘வணக்கம்மா’ன்னாரு, அதோட சரி. எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்தவரு, நான் அதுல எத்தனையாவதோ... அதுதான் இன்னும் பத்திக்கிட்டு எரியுது.”

கதவு திறந்தது. விழாச் செயலாளரின் வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“தோ வந்துட்டேன் சார்... அக்கா, கூப்பிடறாங்க. வெச்சுடாத! கட் பண்ணாம மேசை மேல வெக்கிறேன். அன்னிக்குச் சிரிச்சவ நீ, இன்னிக்கும் நீ கேட்டே ஆகணும்... அதெல்லாம் வேணாம், புத்தி சொல்லாத... வெச்சுடாத, ஆமா!”

போன் நடுவர் மேசையில், தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தது. தங்கைக்காரி மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் பிரிவில் முதல் பரிசு, கடைசியாகப் பாடிய ஐயாவுக்கு. அவரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான்... ஐயா... ஐயா, நீங்க உக்காருங்க... பரவாயில்லங்க, அந்தச் சட்டம் உங்களுக்கு வேணாம்... யாராவது புடிங்களேன்... ஐயா, சொன்னாக் கேளுங்க!”

அவர் கேட்கவில்லை. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார், பாதியில் தொப்பென்று உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். முட்டி நடுங்குவது தங்கைக்காரிக்கு அங்கிருந்தே தெரிந்தது. யாரோ தோள் கொடுத்தார்கள். அதையும் விலக்கிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றார். நடுவர் என்ன சொல்லப் போகிறாரோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. அந்தப் பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். புதிதாக யோசித்து வைத்த வாக்கியம் எங்கே போனதோ, பழையதுதான் வாய்க்கு வந்தது.

“ஐயா நின்ன விதம்... நல்லா இருந்தது.”

சொல்லிவிட்டு மைக்கை வைத்தாள். பிறகு ஏதோ இரைச்சலுக்கு நடுவே போனைத் தேடி எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ... அக்கா? இருக்கியா?... கேட்டுதா?... சிரிப்பு இல்லக்கா, அது கைத்தட்டு! சிரிப்பாங்கன்னு பாத்தா, எல்லாரும் எழுந்து நின்னு தட்டறாங்க!... ஆமா, அதே வாக்கியம்தான், ஒரு எழுத்து மாத்தல... பாராட்டவா? நானா? குத்தத்தான் சொன்னேன்! சத்தியமா குத்தத்தான்க்கா... அவரா? அழறாரு. இப்படி ஒரு வார்த்தை அவருக்கு யாருமே சொன்னதில்லையாம், செயலாளர்கிட்ட சொல்லிச் சொல்லி அழறாரு. முப்பது வருஷமாத் தீட்டி வெச்சிருந்த கத்தியை வாங்கி மாலையாப் போட்டுக்கிட்டாருக்கா அந்த மனுஷன்!... நான் எங்க அழறேன்? கோவம், கோவத்துல வர்ற தண்ணி...”

மூக்கை உறிஞ்சினாள். மண்டபத்தில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல, விட மாட்டேன்... சமாதானமாவது ஒண்ணாவது. அடுத்த வருஷம் அவரை நடுவராப் போடச் சொல்லிச் செயலாளர்கிட்ட இப்பவே கேக்கப் போறேன்... எதுக்கா? நான் பேர் குடுக்கப் போறேன்! அவர் எதிர்ல போய் நின்னு பாடுவேன். குரலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம அவர் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது... ஆமா, பாடறேன்னுதான் சொன்னேன்... ஆமா, மேடையிலதான்... என்ன இழுக்கற? என்ன சொல்ல வர்ற?... அக்கா, மறுபடி அந்தப் பேரைச் சொன்ன, போனை வெச்சுடுவேன்... விளையாடல... சொல்லித்தான் பாரேன்...”

அக்காக்காரி சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.