முன்னால் போனவள்

சாயங்காலம் ஏழு மணி. மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து கீழே இறங்கும் ரோடு. பனி இறங்கிவிட்டால் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது...

நம்ம அர்த்தனாரியின் மச்சான் யுவராஜுக்கு நடந்தது இது. கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமில்லை.

யுவராஜ் மிளகு மூட்டை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். பெண்டாட்டி சுமித்ராவுக்கு எட்டாம் மாதம். அன்றைக்குத் திடீரென்று உதிரம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவத்துக்குக் கீழே போயிருந்தது. அம்மா பெருமாயிக்கு முட்டிவலி, வண்டியில் ஏற முடியாது. சுமித்ராவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அவனே ஓட்டினான்.

மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் மட்டும்தான். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பினாயில் வாடை... அதற்கு அடியில் ரத்த வாடை.

"டாக்டரம்மா இல்லீங்க. கீழ கொண்டு போயிருங்க. இப்பத்தான் ஒருத்தங்க, இதே மாதிரி உதிரப்போக்கு... அவங்களையும் கீழதான் அனுப்புனேன்."

இறங்கினான். வளைவுக்கு வளைவு கீழே எட்டிப் பார்த்தான். இருப்பது ஒரே ரோடு. முன்னால் போகிற வண்டியின் வெளிச்சம் எங்கேயாவது தெரிய வேண்டுமே... எல்லா வளைவும் இருட்டு.

அடிவாரத்து கிளினிக்கில் கம்பவுண்டர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்.

"லேடி டாக்டர் வெள்ளிக்கிழமைதானுங்க வருவாங்க. டவுனுக்குப் போயிருங்க. முன்னால வந்த அம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"ஏனுங்க, அந்தம்மா எந்த வண்டியில வந்தாங்க?"

"வண்டியா? நடந்துதானுங்க வந்தாங்க."

யுவராஜ் திரும்பிப் பார்த்தான். வாசற்படி ஈரமாக இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் கேட் திறந்தே கிடந்தது. தோளில் பையோடு டாக்டர் வாசலிலேயே நின்றார். ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது.

"நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். ஒரு அம்மா வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'எனக்குப் பின்னால ஒருத்தி வாரா, போயிராதீங்க'ன்னாங்க. உக்காரச் சொல்லிட்டுத் திரும்பினேன்... ஆளையே காணோம்."

பேசும்போதே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். பிடித்த இடம் இன்னும் வெளுத்திருந்தது.

சுமித்ரா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண். டவுன் மயானத்திலேயே, யுவராஜ் தன் கையால் மண்ணைத் தள்ளினான். அழுகை வரவில்லை. கையைக் கழுவினான். ஒரு டீ வாங்கிக் குடித்தான். நாக்கில் சூடு தெரியவில்லை.

சுமித்ராவும் அழவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"நமக்கு முன்னால வந்தவங்க... பொழச்சாங்களா?"

அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.

சில நாள் கழித்து இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அடிவாரத்தில் கம்பவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லபடியா ஆச்சுங்களா? கொழந்த ஜோரா அழுகுது!"

"எந்தக் கொழந்தைங்க?"

"உங்க கொழந்ததான். இப்பத்தான் அந்தம்மா தூக்கிட்டு மேல போனாங்க..."

யுவராஜ் கியரைப் போட்டான். மலைமேல் ஆஸ்பத்திரியில் அவன் நிற்கவில்லை. ஜன்னலில் நர்ஸ் சிரித்தபடி, கையால் தொட்டில் ஆட்டுவதுபோல் காட்டினாள். சுமித்ரா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

வீட்டு வாசலில் பெருமாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வா கண்ணு, வெரசா எறங்கு. கொழந்தைய முன்னாலயே குடுத்தனுப்பிட்டியே... பசியில வீல்வீல்னு கத்துது. தூக்கிட்டு வந்த பொண்ணு மடியில போட்டுத் தட்டுது, அடங்கவே மாட்டேங்குது."

யுவராஜ் இஞ்சினை நிறுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டான். ஓட்டிலிருந்து பனி சொட்டுகிற சத்தம்... வேறு ஒன்றுமில்லை. உள்ளே விளக்குகூட இல்லை.

"அம்மா, உள்ள யாரும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

சுமித்ரா ஏற்கெனவே இறங்கி, இருட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் பால் சுரந்து நனைந்துகொண்டே வந்தது.