யூதாஸுக்குக் கிடைத்த ஒரு மணி நேர ஓய்வு

காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் ரத்த அழுத்தம் சொல்கிறது. அறுபத்தொன்பது வயதில் நூற்றிருபதுக்கு எண்பது. அளந்து பார்த்த நர்ஸம்மா மிஷின் கெட்டுப்போச்சு என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். அதிலும் அதே கணக்கு. "அப்படி என்னாதான் சாப்புடுறீங்க முசியே?" என்று கேட்டார். ஐயாவுக்கு எங்கள் ஊரில் முசியே. சாப்பாட்டில் ஒன்றுமில்லை, வாரம் தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன் என்றேன்.

பெயர் லெயோன். வீடு புதுச்சேரி உப்பளத்தில். அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவன். நான் பிடித்த பிழைகளை வரிசையாக வைத்தால் இங்கிருந்து காரைக்கால் போய்த் திரும்பி வரும். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அன்வருதீன் பாயைத் தெரிந்திருக்காது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் ஒவ்வொரு வருடமும் உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த வாரம் பாஸ்கா போடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை மேடையில் நாடகமாக நடிப்பது. அதில் நான் யூதாஸ். சும்மா யூதாஸ் இல்லை. நான் முத்தம் கொடுத்து ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கும் காட்சியில் முன்வரிசைப் பெண்கள் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாள் நான் வருவதைப் பார்த்தால், "யூதாஸு வராரு, வஞ்சிரத்த எடுத்து உள்ள வை" என்பார். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பட்டம் வேண்டுமா. இருந்தாலும் பதினோரு வருடம் செருப்பைப் பார்த்தவனுக்கு ஒரு தடவையாவது பூமாலை போட்டுக்கொள்ள ஆசை வராதா. ஆண்டவர் வேடம் போட்டவருக்குத் தொந்தி வைத்துவிட்டது. அடுத்து நீதான் என்று நாடகம் நடத்துகிற உபதேசியார் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இது இருபது வருடத்துக்கு முந்திய கதை. அந்த வருடம்தான் கதிர்காமத்திலிருந்து பிரேம்குமார் வந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எங்கள் கோயில் பங்கில் பெண் எடுத்து இங்கேயே பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டான். ஆறடி உயரம், தோள் வரை முடி. உபதேசியார் அவனை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என் மூக்கைப் பார்த்தார். "கோவிச்சுக்காத லெயோன். இந்த மூக்கு யூதாஸுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன்.

பிரேம்குமார் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் நேராக என்னிடம் வந்து, "அண்ணே, இது நீங்க போட வேண்டிய வேஷம். எனக்கு வெக்கமா இருக்குண்ணே" என்றான். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சிலுவையைச் செய்தவர் அன்வருதீன். முல்லா வீதிக்காரர், தச்சர். மேடைக்கு இரண்டு சிலுவை உண்டு. சுமக்கிற சிலுவை வேறு, தொங்குகிற சிலுவை வேறு. சுமப்பது தக்கை மாதிரி இருக்கும். தொங்குவது வேங்கை மரம், பன்னிரண்டடி. அதில் ஆண்டவர் நிற்க ஒரு கால்பலகை, அதற்கு இரண்டு போல்ட். ஒவ்வொரு போல்ட்டிலும் அதற்கான நட்டிலும் ஒரே மாதிரி அரத்தால் கோடு போட்டு வைப்பார் பாய். ஒன்றுக்கு இரண்டு கோடு, இன்னொன்றுக்கு மூன்று. இதன் நட்டு அதற்கு மாறிப் போகக் கூடாதாம். நாடகத்தன்று நாலு மணிக்கு வந்து, பிஸ்மில்லா சொல்லி, எல்லாவற்றையும் தன் கையால் இறுக்குவார். பிறகு மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆண்டவர் சாகும்போது எங்கள் பெண்களுக்குச் சமமாக அழுவார்.

நடிக்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் செய்தேன். ஒரு பொட்டு அழுக்கில்லாமல்தான் மேடை ஏறினேன்.

யூதாஸ் வேடத்தில் ஒரு வசதி உண்டு. ஆண்டவரைச் சிலுவையில் அறைவதற்கு வெகு முன்னாலேயே யூதாஸ் தூக்கு மாட்டிக்கொண்டு செத்துவிடுகிறான். அதன் பிறகு எனக்கு ஒரு மணி நேரம் வேலை இல்லை. திரைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். அந்த வருடம் தேநீர் ஆறிப்போனது. மூன்று கோடு போட்ட நட்டைக் கழற்றினேன். பாயின் பையில் இருந்த ஸ்பேனரைத்தான் எடுத்தேன், என்னிடம் ஸ்பேனர் கிடையாது. வேலை முடிந்ததும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கொள்கை.

என் எண்ணம் ரொம்பச் சின்னது. ஆண்டவர் கொஞ்சம் வழுக்க வேண்டும், ஜனங்கள் கொஞ்சம் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கொலைகாரர்களுக்காக ஆண்டவர் மன்னிப்புக் கேட்கிற வசனத்தின் நடுவில் பிரேம்குமார் விழுந்தான். முதலில் கைதட்டல்கூட எழுந்தது. எங்கள் மேடையில் அவ்வளவு தத்ரூபமாக யாரும் செத்ததில்லை. அப்புறம்தான் அவன் மனைவி கத்தினாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நாலு மாதம் ஆஸ்பத்திரி, பிறகு சக்கர நாற்காலி. விளையாட்டு வாத்தியார் உத்தியோகம் முடிந்தது.

நட்டில்லாத போல்ட்டை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பாயைத் திட்டவில்லை, எங்கள் ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். "பாய் மறந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துதான் இருப்பேன்" என்றார். அதோடு ஆள் ஏறுகிற எதையும் அவர் செய்வதில்லை. கட்டில் இல்லை, தொட்டில் இல்லை, ஏணி இல்லை. போட்டோவுக்குச் சட்டம் அடித்துப் பிழைத்தார். சுவரில் தொங்கும் செத்தவர்கள் விழுந்தாலும் அடிபடாது அல்லவா.

நான் கல்நெஞ்சன் இல்லை. உடனே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற மரக்கூண்டுக்கு, ஓடினேன். உள்ளே இருந்த சாமியார் நல்லவர்தான், ஆனால் அனுபவம் போதாது. "அந்த ரெண்டு பேருகிட்டயும் போய்ச் சொல்லுப்பா. வேற ஒருத்தர் உன் பாவத்தச் சுமந்துக்கிட்டு நிக்கறாரே. பாவத்துக்காக மனஸ்தாபப்படறதுன்னா அத இறக்கி வெக்கறதுதான்" என்றார். நல்லது சாமி என்று சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போனேன். அங்கேயும் அதையே சொன்னார்கள். புதுச்சேரியில் இருக்கிற அத்தனை தொட்டிகளிலும் முழங்காலிட்டேன், என் முழங்கால் பதிந்த பள்ளத்தில் இன்றைக்கும் மழைத் தண்ணீர் நிற்கும். கடைசியில் எண்பத்தேழு வயதுச் சாமியார் ஒருவர் கிடைத்தார். இரண்டு காதும் கேட்காது. முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். புன்னகையோடு ஆசீர்வதித்து, பத்து அருள் நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். நான் இருபது சொன்னேன்.

முழு நிம்மதி அடுத்த பெரிய வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. பிரேம்குமார் நாற்காலியில் வந்து மைக்கை வாங்கினான். "அந்த நட்டு போனதுக்குக் காரணமானவங்கள நான் முழு மனசா மன்னிச்சுட்டேன். ஆண்டவர் என்னை மன்னிச்ச மாதிரி. இனி அவங்க அதச் சுமக்கக் கூடாது" என்றான். கோயிலே திரும்பிப் பின்னால் பார்த்தது. அங்கே, கூப்பிட்டதற்காக வந்து நின்றிருந்த அன்வருதீன் பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆனால் கவனியுங்கள், பிரேம்குமார் பெயர் சொல்லவில்லை. காரணமானவர் யார்? நான். அப்படியானால் மன்னிப்பு யாருக்கு வந்தது? முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவன் சொல்கிறேன், அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. நெஞ்சிலிருந்து பன்னிரண்டு டன் இறங்கியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு எந்தத் தொட்டியிலும் நட்டைப் பற்றி நான் பேசியதில்லை. மன்னித்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

பாவம், பாய்க்குத்தான் அந்த நிம்மதி வரவில்லை. விட்டுவிட முடியுமா. இருபது வருடமாக வெள்ளிக்கிழமை தோறும், அவர் தொழுகை முடிந்து வந்ததும் கடைக்குப் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறேன்.

"மன்னிப்பை வாங்கிக்கவும் தெரியணும் பாய்."

"வாங்கிக்கிட்டேன் முசியே. கைதான் நம்ப மாட்டேங்குது. அன்னிக்கு நாலு மணிக்கு இறுக்கினது இந்த வெரல்லயே இருக்குது. இறுக்கியிருந்தா எப்படிக் கழண்டுது?"

"மறதி மனுஷனுக்குச் சகஜம் பாய். ரெண்டு வரி முன்னாடி படிச்சத நானே மறந்துடறேன்."

இப்படித்தான் பேசுவேன். வேறு யார் இருபது வருடம் பொறுமையாகப் போயிருப்பார்கள்.

இந்த வருடம் கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. இத்தனை நாள் திரையில் நிழலாகக் காட்டிவந்த சிலுவையை மறுபடி மேடையில் நிறுத்த வேண்டும், அதை அன்வர் பாய்தான் செய்ய வேண்டும் என்று பிரேம்குமார் பிடிவாதம் பிடித்தான். நாற்காலியோடு கடை வாசலில் போய் நின்றான். பாய் முடியாது என்றார், கை நடுங்குகிறது என்றார், கடைசியில் பழைய கால்பலகையைத் தூசி தட்டி எடுத்தார். எங்கள் தவக்காலமும் அவருடைய நோன்பும் இந்த முறை ஒன்றாக வந்தன. வேலையைப் பார்க்கப் போகும் எனக்குத் தினமும் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். புதுச்சேரியிலேயே அப்படி ஒரு கஞ்சி கிடையாது.

ஒரு நட்டுதான் குறைந்தது. அது பழைய அளவு, எந்த இரும்புக் கடையிலும் இல்லை. முதலியார்பேட்டை வரை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பரிதாபமாகிவிட்டது. மேஜை இழுப்பறையில் என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அது சும்மாதான் கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போல்ட்டில் வைத்து இரண்டே விரலால் திருகினார். வெண்ணெய் மாதிரி ஏறியது. மூன்று கோட்டுக்கு நேராக மூன்று கோடு வந்து நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எங்கேர்ந்து முசியே?"

"வீட்டுல கெடந்துது பாய்."

தலையை ஆட்டினார். அப்புறம் வலது கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்து, "நீ மறக்கல" என்றார். என்னிடம் இல்லை, கையிடம். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. இருபது வருடமாக நான் ஊட்டிய ஆறுதல் அந்த நிமிடத்தில் பலித்துவிட்டது. கை நடுக்கம் நின்றுவிட்டது. மறுநாளே பேத்தி நூரீனுக்கு ஒரு கட்டில் செய்ய ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து கஞ்சி வரவில்லை. நோன்பு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது, ஆனால் வேலை மும்முரத்தில் மனிதர் என்ன செய்வார். ஞாயிறுதோறும் போன் செய்கிற பிரேம்குமாரும் செய்யவில்லை. அவன் போனில் ஏதோ கோளாறு.

நேற்று மேடையில் ஒத்திகை. யூதாஸ் தொங்குகிற மரத்தையும் பாய்தான் செய்திருக்கிறார். என் இடுப்பு வாரை மாட்டுகிற கொக்கியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ இறுக்கிட்டேன். நாடகம் முடியற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாம தொங்குங்க" என்றார். பக்கத்தில் நாற்காலியில் இருந்த பிரேம்குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ நான் பேசப்போவதற்காகக் காத்திருப்பவன் போல. நான் என் வசனத்தைச் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

எனக்கென்ன பயம். இத்தனை வருடம் அந்த வேடம் போட்டும் ஒன்று மட்டும்தான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எருசலேம் எவ்வளவு பெரிய ஊர், தேடினால் காது கேட்காத சாமியார் ஒருவராவது கிடைத்திருக்க மாட்டாரா, அந்த யூதாஸ் எதற்காகத் தூக்கு மாட்டிக்கொண்டான்.