தேய்க்கக் கூடாத இடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி சட்டை போட்ட தம்பிதான் பேச்சை ஆரம்பித்தான்.

"அப்பா புல்லட்ட வழவழன்னு தேய்ச்சிட்டேண்ணே. இனிமே பெயிண்ட்தான். சேஸிஸ் கழுத்துல இன்னமோ எழுத்து பள்ளம் பள்ளமா இருந்துச்சு. எங்க லைன்ல அப்டி இருந்தா ரிஜெக்ட்டு. கிரைண்டர் போட்டு எடுத்துட்டேன்."

"அடப்பாவி! அது சேஸிஸ் நம்பர்டா. நாளைக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. திருட்டு வண்டின்னு புடிச்சி வெச்சிக்குவாங்க."

"கம்பெனில நம்பர் அடிக்கிற பஞ்ச் கீது. நானே திரும்ப அடிச்சிடட்டா?"

"அடிச்சின்னா அப்பதான் நெஜமாவே திருடன்." அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இன்ஜின் நம்பர் கீதில்ல? அத காட்டியாவது கெஞ்சலாம்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னாடா?"

"இன்ஜின மச்சான்கிட்ட குடுத்துட்டு வந்தேன். வூட்ல இப்ப அவரு தேய்ச்சிகினு கீறாரு."

"கண்டக்டர், வண்டிய நிறுத்துய்யா!"

இருவரும் இறங்கி ரோட்டோரத்து போன் பூத்தைப் பார்த்து ஓடினார்கள். பெருமாளே, முகம் தெரியாத அந்த மச்சான் இந்நேரம் டீ குடிக்கக் கிளம்பியிருக்க வேண்டும் என்று நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.