சுவத்து அக்கா, வாசல் அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, அக்காவின் கணவரே, குழாயடியில் அவரோடு சண்டை போட்டுப் பழகிய தெரு மக்களே, வணக்கம்.

மறைந்தவர் நீர்த்தர ஆய்வுக்கூடத்தின் முதன்மை ஆய்வாளர், முனைவர். நம்மில் யார் அவரை அப்படி அழைத்தோம்? ‘கொதி அக்கா’! வயிற்றுப்போக்கு ஊரையே சுருட்டிப் போட்ட மழைக்காலத்தில், “கொதிக்க வெச்சுக் குடிங்க” என்று வீடு வீடாகச் சொன்னவர். விருந்துக்குப் போன இடத்திலும் விடமாட்டார். “நல்லவேளை, என்னைக் கொதிக்க வெக்காமலே கட்டிக்கிட்டா” என்பார் அவர் கணவர்.

அந்தச் சொல் உயிர்களைக் காத்தது. அதே சொல்தான் அக்காவைச் சிறை வைத்தது.

கிழக்குத் தெருக்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறியிருப்பதை அக்கா கண்டறிந்தார். வயல் உரமும் கழிவுநீரும் நிலத்தில் இறங்கியதன் விளைவு. பெரியவர்கள் ஓரளவு தாங்குவோம். அந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உதடு நீலமாகும். இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகுமா? நீர் வற்ற வற்ற இன்னும் செறியும்!

“கிணத்தை மூடுங்க சார்” என்றார் அக்கா.

“மூடிட்டா அந்தச் சனம் தண்ணிக்கு எங்கம்மா போகும்?” என்று கேட்டீர்கள், இயக்குநர் அவர்களே. நியாயமான கேள்விதான். லாரித் தண்ணீர் வரும் என்றீர்கள். வந்தது சுவரொட்டி: ‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்.’ மேலே அக்காவின் சிரித்த படம்.

மறுபடியும் வீடு வீடாக நடந்தார். “குழந்தைக்கு இந்தத் தண்ணியே வேணாம்மா. கொதிக்க வெச்சும் வேணாம்.”

“நல்லா இருக்கே! சுவத்துல ஒரு அக்கா, வாசல்ல ஒரு அக்கா. நான் எந்த அக்கா பேச்சைக் கேக்கறது?” என்று கேட்டார் ஒரு வீட்டம்மா.

அங்கே அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, ஆய்வுக்கூடத்தில் சன்னல் இல்லாத எங்கள் அறையில் குடுவைகளைக் கழுவியபடி சொன்னார்: “என் வாயே என்னை உள்ள போட்டுப் பூட்டிருச்சுடி.”

தன் படத்தைத் தானே கிழித்தார். மறுநாள் புதிதாக ஒட்டினார்கள். போன வாரம், பசை காயாத ஒன்றைச் சுரண்டும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

“சேவையைப் பத்தி மட்டும் பேசும்மா, நைட்ரேட்டெல்லாம் வேண்டாம்” என்று சற்றுமுன் என்னிடம் சொல்லப்பட்டது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதுவும் நினைவூட்டப்பட்டது. நைட்ரேட்டை விட்டுவிட்டு அக்காவின் எந்தச் சேவையைப் பேசுவேன்? இந்த மண்டபச் சுவரிலும் அந்தப் படம் சிரிக்கிறது. அதைத் தாண்டித்தானே நாம் எல்லோரும் வெளியே போக வேண்டும்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி இறங்குவது எளிது. நான் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடைசி வரிசையில் பால்புட்டியோட இருக்கிற அம்மா, உங்களைத்தான். அந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதீங்க. கொதிக்க வெச்சும் குடுக்காதீங்க. மேற்குத் தெருக் குழாய்த் தண்ணி நல்லது, நானே சோதிச்சேன். தூரம்தான்; நாளைக்கு நான் தூக்கிட்டு வரேன்.

இது சுவத்து அக்கா சொன்னது இல்லை. வாசல் அக்கா சொன்னது.